வந்தவளும் உட்கார்ந்தவளும்

பாலாற்றங்கரையில் ஓர் ஊர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, எங்கே போய்விடும். ஆறு என்று பேர்தான், மணலே மிச்சமில்லை, தண்ணீருக்கு எங்கே போவது. தோல் பதனிடுகிற கழிவு கலந்து கிணற்றில் இறைத்தால் நுரை வரும், அதைப் பாய்ச்சினால் பயிர் கருகும், அதனால் நிலம் இருந்தவன் இல்லாதவன் எல்லாரும் ஒன்றாகிப்போய், ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போக, பெண்கள் கம்பெனி அனுப்புகிற வேனில் ஏறி ஷூ தைக்கப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருத்தி அம்சவேணி. வெளிநாட்டுக்காரன் காலில் மாட்டுகிற ஷூ அது. கயிறு கட்டுகிற இடத்துக்கு அடியில் நாக்கு மாதிரி ஒரு தோல் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த நாக்கைத்தான் அவள் தைத்தாள், அதுவும் இடது கால் நாக்கு மட்டும். வலது கால் நாக்கு பக்கத்து மெஷின் நசீமாவுக்கு. முழு ஷூவை அவள் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கணும் என்று ஆரம்பத்தில் இருந்த ஆசையும் எப்போதோ அலுத்துப்போயிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் சங்கு ஊதியது. எல்லாரும் எழுந்து, வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு, வேனில் ஏறினார்கள். அம்சவேணிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வண்டி கம்பெனியைச் சுற்றித் திரும்பும்போது அதன் வலைக்கம்பி போட்ட ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அங்கே, தன் மெஷினில், தானே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அதே பச்சைப் புடவை, மேலே அதே நீலக் கோட்டு, அதே மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து. அலறியிருக்க வேண்டும் என்பீர்கள். அலறுவதற்கும் ஒரு தெம்பு வேண்டாமா? எவளோ ஒருத்தி டார்கெட்டை முடித்தால் சரி என்று நினைத்துக்கொண்டு வேன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். பக்கத்தில் இருந்த நசீமாவும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மே, என்னுதும் அங்கதான் குந்திக்கினு கீது" என்றாள், குடையை மறந்துவிட்டு வந்தவள் சொல்கிற மாதிரி. கேட்டில் நிறுத்தி டிரைவர் தலை எண்ணினார், சரியாக இருந்தது, வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும்தான் தன்னோடு என்னென்ன வரவில்லை என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள், கட்டில் அமுங்கவில்லை. குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்தாள், உப்பு இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. பால் பொங்கி வழிந்தது, ஐயோ என்று வாய் வரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரே மகள் சுபிக்ஷா என்ன வகுப்பு படிக்கிறாள் என்பதை யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. கட்டிட வேலை முடித்து வந்த புருஷன் ஏகாம்பரம் அவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மே இது, காத்தடிச்ச பையாட்டம் கீறே?" என்றார்.

"மீதி கம்பெனியில கீது."

ஏகாம்பரம் அந்தக் கையைக் கீழே வைத்தார். "காலையில போனா சேந்துக்குமா?"

"சேந்துக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப சரி. சாப்ட்டுப் படு" என்றார்.

சேர்ந்துகொண்டது. காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள், அங்கே இருந்தவளும் இவளும் ஒன்றானார்கள், அவ்வளவுதான் தெரியும். அடுத்ததாகத் தெரிந்தது சாயங்கால வேனின் ஜன்னல். நடுவில் ஒரு பகல் முழுக்கப் போயிருந்தது, அது யாருடைய பகல் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மறுநாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. கம்பெனிக்குப் போன எல்லாப் பெண்களுக்கும் அதே கதைதான்.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? பழகிக்கொண்டது. வேறு என்ன தெரியும் அதற்கு? முதலில் பேர் வைத்தது. வீட்டுக்கு வருகிறவள் வந்தவள், கம்பெனியில் இருக்கிறவள் உட்கார்ந்தவள். மாரியம்மன் கோயில் பூசாரி எந்த அம்சவேணிக்கு அர்ச்சனை என்று குழம்பி, ரெண்டு பேருக்கும் நட்சத்திரம் ஒன்றுதானே என்று தேறி, விபூதியை மட்டும் ரெண்டு பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். ரேஷன் கடை மிஷின் வந்தவள்களின் விரல் ரேகையை ஒத்துக்கொள்ளவில்லை, பெண்கள் கத்தியதும் கடைக்காரர் புருஷன்மார் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எடை பார்க்கையில் முள் பாதியிலேயே நின்றதைக் கண்டு ரெண்டு நாள் மிஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், அப்புறம் தட்டுவதை விட்டுவிட்டு, "கம்பெனியா?" என்று மட்டும் கேட்டாள். பெண் பார்க்க வருகிறவர்கள், பொண்ணு வேலைக்குப் போவுதா என்று கேட்பதை விட்டு, பொண்ணு முழுசா வீட்டுக்கு வருதா என்று கேட்டார்கள். சாவு வீடுகளில்தான் சங்கடம். மேலத் தெரு தெய்வானை, பெற்ற அப்பன் பிணத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வெளியூர் சொந்தம் முணுமுணுத்தபோது உள்ளூர்க்காரி ஒருத்தி, "கண்ணீரு கம்பெனியில மாட்டிக்கிச்சு. திங்கக்கெழம போய் அழுவா, உங்களுக்கு இன்னா?" என்று அதட்டினாள். தெய்வானை திங்கட்கிழமை போய் அழுதாள் என்றுதான் சொல்கிறார்கள்.

கம்பெனி மட்டும் என்ன, அதுவும் பழகிக்கொண்டது. சூப்பர்வைசர் ஜெயசீலன் முதல் வாரம் வியர்த்து விறுவிறுத்துத் திரிந்தார், ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் லைன் தன்னால் ஓடுவதைப் பார்த்ததும் வியர்வை அடங்கிவிட்டது. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான், நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. "எவ குந்துனா இன்னாம்மா, லைன் நிக்காம ஓடணும்" என்பார். கெட்டவர் இல்லை, பாவம். அவர் வீட்டுக்கும் அவருடைய மிச்சம்தான் போய்க்கொண்டிருந்தது.

வேலூரிலிருந்து காலேஜ் வாத்தியார் ஒருவர்கூட வந்தார். எல்லாரிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இதற்கு அந்நியமாதல் என்று பேர் என்றார். சீமையில் ஆலைகள் வந்த காலத்திலேயே பெரிய பெரிய ஆட்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்களாம்; முதலில் தன் கை செய்த பொருள் தனக்கு அந்நியமாகும், அப்புறம் செய்கிற வேலை அந்நியமாகும், அப்புறம் பக்கத்தில் இருக்கிற மனுஷர் அந்நியமாவார்கள், கடைசியில் தனக்குத் தானே யாரோவாகிவிடுவது என்றார். ஊர் மரியாதையாகக் கேட்டது. புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. "மருந்து கீதா சார்?" என்றார் ஏகாம்பரம். வாத்தியார் டீயைக் குடித்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கு, தெரியலையே என்றார். அவர் உட்கார்ந்திருந்த கயிற்றுக் கட்டிலும் அமுங்காமல் இருந்ததை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள், கவனித்துவிட்டு இன்னொரு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த ஊர் ஒரு தப்பும் செய்தது. வீட்டுக்கு வருகிறவள்தான் ஆள், அங்கே உட்கார்ந்திருப்பது வெறும் கூடு, கையும் காலும் மட்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அம்சவேணியும் அப்படித்தான் நினைத்தாள். வீடு இங்கே, சோறு இங்கே, பெற்ற பிள்ளை இங்கே, அப்படியென்றால் நாமும் இங்கேதானே இருப்போம்? நியாயமான யோசனைதான், யார் கேட்டாலும் ஆமாம் என்பார்கள்.

அது தப்பு என்று கண்டுபிடித்தவள் மகள் சுபி. பள்ளிக்கூடத்திலிருந்து விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போன பஸ், கம்பெனியின் பின்பக்கச் சுவரோரமாகப் பஞ்சராகி நின்றது. பிள்ளைகள் இறங்கி நிழலுக்கு ஒதுங்கியபோது, சுபி அந்த வலைக்கம்பி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். அம்மா இருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நசீமாவை ஏதோ கேலி செய்து, புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் மெஷின் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து ஏதோ பாடினாள். பாட்டின் நடுவில் என்ன நினைத்தாளோ, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுபி கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? டயர் மாட்டியதும் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்சவேணி வீட்டுக்குள் நுழைந்தபோது, சுபி எழுந்து நின்று, விருந்தாளிக்கு எடுக்கிற பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வாங்க. உக்காருங்க. அப்பா இப்ப வந்துடுவாரு" என்றாள். பெற்ற தாயை வாங்க போங்க என்று கூப்பிடுகிற வழக்கம் அந்த ஊரில் எந்த வீட்டிலும் கிடையாது. அம்சவேணி வாங்கிக் குடித்தாள். இது வலிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. வலி கம்பெனியில் இருந்தது.

அடுத்த மாதமே சுபி வயசுக்கு வந்தாள். ஏகாம்பரத்தின் தங்கை புனிதா ஓடிவந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மஞ்சத்தண்ணி என்று நாள் குறித்து, பந்தலுக்குச் சொல்லி, தாய்மாமனுக்குச் சொல்லி, எல்லாம் ஆயிற்று. அந்த ஊர் வழக்கப்படி அன்றைக்குப் பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்து, கையைப் பிடித்து மணையில் உட்கார வைக்க வேண்டியவள் தாய். வேறு எவளும் அந்தப் பின்னலைத் தொடக் கூடாது. சுபி முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த அம்மா வந்தாதான் நா மணையில உக்காருவேன்."

"எந்த அம்மாடி?" என்றாள் புனிதா.

"கம்பெனியில கீற அம்மா."

"உங்கம்மா இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாளேடி, கண்ணு தெரியலயா?"

சுபி திரும்பி அம்சவேணியை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாவது இருந்திருக்கலாம், அதுவும் இல்லை. "இவங்க பாவம் அத்த, நல்லவங்கதான். ஆனா இவங்களுக்கு என்னத் தெரியாது" என்றாள். "என் முதுவுல மச்சம் எந்தப் பக்கம் கீதுன்னு கேளு."

புனிதா கேட்கவில்லை. ஆனால் அவளும் ஏகாம்பரமும் அம்சவேணியைப் பார்த்தார்கள். அம்சவேணி யோசித்தாள். மச்சம் இருப்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று ஊர் சொல்கிறது, அந்தப் பத்து மாதம்கூட இப்போது யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரிதான் இருந்தது. "தெரியல" என்றாள். பிறகு, "நா போய்க் கூட்டியாறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் தன் மெஷினுக்குப் போனாள், ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றாள். மற்ற பெண்கள் அவரவரோடு சேர்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தவள் நிமிர்ந்தாள். கண்ணுக்கடியில் கருவளையம், மூக்கு நுனியில் தோல்தூசு.

"யாருக்கா நீங்க? புது ஆளா? ஆபீஸு அந்தாண்ட கீது" என்றாள்.

"நாந்தான் டெய்லி உன் வீட்டுக்குப் போறவ."

மெஷின் நின்றது. உட்கார்ந்தவள் அவளை ஆசையோடு பார்த்தாள், ஊரிலிருந்து வந்தவர்களைப் பட்டாளத்துக்காரன் பார்ப்பானே, அப்படி. "நீங்கதானாக்கா அது? எம்பொண்ண நல்லாப் பாத்துக்கறீங்களா? காதுக்குப் பின்னால எண்ண வெக்காதீங்க, பொரிப்பொரியா வந்துடும் அவளுக்கு. தோச ஓரம் முறுகலா இருக்கணும், நடுவுல மெத்துனு இருக்கணும், இல்லன்னா தட்டத் தள்ளிவுட்டுப் போயிடுவா. இடி இடிச்சா பயம், ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டா, பக்கத்துல வந்து ஒட்டிக்கினு படுப்பா. இன்னாடின்னு கேட்டுடாதீங்க, ரோஷம் வந்துடும், கம்முனு மேல கையப் போட்டுக்கணும்." சொல்லிக்கொண்டே போனாள், பிள்ளை பார்க்க வைத்த ஆயாவிடம் சொல்வதைப் போலவே சொன்னாள். அதில் ஒன்றுகூட அம்சவேணிக்குத் தெரிந்திருக்கவில்லை.

"முதுவுல மச்சம் எந்தப் பக்கம்?"

"எடது பக்கம், இடுப்புக்கு மேல. பொறந்தப்ப கடுகாட்டம் இருந்துச்சு, இப்ப மொளகு அளவு ஆயிடுச்சு. ஏங்க்கா?"

"வயசுக்கு வந்துட்டா" என்றாள் அம்சவேணி.

உட்கார்ந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள், "அடியே நசீமா, எம்பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டாடி!" என்று கத்தினாள், நசீமா எழுந்துவந்து கட்டிக்கொண்டாள், லைன் முழுக்க மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "எவ தண்ணி ஊத்துனது? புனிதாவா? பச்சத் தண்ணிய ஊத்தியிருப்பாளே பாவி, நா இல்லாமப் போயிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்சவேணி பார்த்துக்கொண்டு நின்றாள். கூடு என்று எல்லாரும் சொன்னது இவளையா? இத்தனை நாளும் கூடாக வீட்டுக்குப் போய் வந்தது தான்தான் என்று அப்போது அவளுக்கு உறைத்தது.

"அவ உன்னத்தான் கேக்கறா. நீ போ. நாக்காலியில நா குந்திக்கிறேன்" என்றாள்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமாக்கா?"

"தெரியாது."

சூப்பர்வைசர் ஜெயசீலன் ஓடிவந்து, எல்லா மெஷினையும் ஓட்டச் சொல்லி அதட்டி, விஷயத்தைக் கேட்டு, தாடையைச் சொறிந்தார். அவர் சட்டத்தில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை. "சனிக்கெழம சங்கு ஊதுன அப்பால மாத்திக்குங்க. காலியா மட்டும் வுட்டுடாதீங்க" என்றார்.

அப்படியே சனிக்கிழமை சாயங்காலம் மாற்றிக்கொண்டார்கள். இனிமேல் யார் வந்தவள், யார் உட்கார்ந்தவள் என்று நாம் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட நம்முடையவளை அம்சவேணி என்றே சொல்லுவோம், எழுந்து போனவளை மற்றவள் என்போம். மற்றவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது, நசீமா பிடித்து நடத்தினாள். அவள் ஏறியதும் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இன்னாம்மா, இன்னிக்கு வண்டி இவ்ளோ கனக்குது?" என்று டிரைவர் கேட்பது உள்ளே வரைக்கும் கேட்டது.

அம்சவேணி தைத்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. தோலை எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்பது மற்றவளின் கையோடு போய்விட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவளான நசீமா இருந்தாள், வேனில் சாய்ந்தபடி அதிகம் வாய் திறக்காமல் வருகிற நசீமா இல்லை, வாய் ஓயாத நசீமா. "இந்த லட்சணத்துல தெச்சா ஜெயசீலன் பேயா ஆடுவான். குடு இப்படி" என்று பிடுங்கிப் பிரித்துக் காட்டினாள். மறுபடி கோணியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் கோணல் நாக்குகள் கூடையில் சேர்ந்துகொண்டே இருந்தன, இந்நேரம் தண்ணீர் ஊற்றியிருப்பார்களா, இந்நேரம் மணையில் உட்கார்ந்திருப்பாளா என்று அவள் ஜன்னல் வெயிலைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள்.

"உங்களுக்கெல்லாம் வூட்டுக்குப் போவணும்னு இல்லியா?" என்று நசீமாவைக் கேட்டாள்.

"இல்லாம இருக்குமா?" என்றாள் நசீமா. "எம்மவன் மொகம் மறந்துடும்போலக் கீது. ஆனா நீயே சொல்லு, ஆயுசுல முக்காவாசி இந்த நாக்காலியிலதான் போச்சு. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் இங்க, தூங்கற நேரம் அங்க. அப்ப ஆளு எங்க இருப்பா? சிரிக்கிறதும் இங்கதான், அழுவுறதும் இங்கதான். நீ அங்க போய் இன்னா பண்ணே சொல்லு, சோறாக்கிப் போட்டுத் தூங்குனே. வேற இன்னா தெம்பு குடுத்து அனுப்புனோம் உனக்கு?" கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னாள், சொல்லிவிட்டு அடுத்த தோலை எடுத்தாள்.

பொழுது சாய்கிற நேரம் ஏகாம்பரம் பின்பக்கச் சுவரோரமாக வந்து ஜன்னலில் நின்றார். வேட்டியெல்லாம் மஞ்சள் கறை, கையில் சோற்றுத் தூக்கு. வலைக்கம்பிக்கு வெளியே நின்றே சொன்னார், அவர் இவ்வளவு பேசி அம்சவேணி கேட்டதில்லை. மற்றவள் போனதும் சுபி வாசலுக்கே ஓடிவந்து, பெரிய மனுஷி என்ற வெட்கமெல்லாம் பறந்துபோய், இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தாயும் மகளும் ஒரு மணி நேரம் தலை பின்னினார்கள், பின்னியதா பேசியதா என்று தெரியவில்லை. களியில் எண்ணெய் போதவில்லை என்று புனிதாவோடு ஒரு சண்டை, தாய்மாமன் கொண்டுவந்த புடவைக் கலர் சரியில்லை என்று அவனோடு ஒரு சண்டை, அப்புறம் எல்லாரையும் உட்கார வைத்து அவளே பரிமாறினாள். சுபி மணையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பைப் பந்தல்காரன்கூட நின்று பார்த்தான். "வூடு வூடாட்டம் கீது அம்சா" என்றார் ஏகாம்பரம், சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

அம்சவேணி காத்திருந்தாள். அவர் அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று தெரிந்தது.

"கேக்கக் கூடாதுதான்," என்றார். "நீயும் எம்பொண்டாட்டிதான். நீ மட்டும் இன்னா பாவம் பண்ணே? ஆனா புள்ள மொகத்தப் பாத்துட்டு வந்து நிக்கிறேன். நீ இங்கியே இருந்துக்கிறியா?"

"இருந்துக்கிறேன்" என்றாள் அம்சவேணி.

"எத்தினி நாளைக்கோ தெரியாதே."

"எத்தினி நாளா இருந்தா இன்னா? நா அங்க வந்தும் இல்லாதவதான். அவ அங்கியே இருக்கட்டும். அவ கெளம்புனாலும் வுட்டுடாத, கதவச் சாத்து, கையப் புடிச்சி நிறுத்து. அவள இங்க வர வுட்டுடாத."

சொல்லும்போது அவள் விரல்கள் வலைக்கம்பியைப் பிடித்திருந்தன. அவளுக்கே ஆச்சரியம். இத்தனை காலத்தில் முதல்முறையாக அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது: இடியிடிக்கும்போது அந்தப் பிள்ளையின் மேல் கை போட ஒரு ஆள் இருக்க வேண்டும். அது தானாக இல்லாவிட்டாலும் போகிறது. ஏகாம்பரம் தூக்கை ஜன்னலில் தொங்கவிட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். அம்சவேணி நசீமாவிடம் திரும்பி, "எனக்கு நேராத் தெக்கக் கத்துக் குடு. நா இங்கியே இருக்கப்போறேன்" என்றாள். நசீமா அவள் கைமேல் தன் கையை வைத்துத் தோலைத் திருப்பிக் காட்டினாள். வெளுக்கும்போது ஒரு நாக்கு ஏறக்குறைய நேராக வந்தது.

திங்கட்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள், எடையில்லாமல் நடந்து வந்து, அவரவர் நாற்காலியில் அவரவரோடு சேர்ந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக ஒருத்தி இறங்கி ஓடி வந்தாள். பாதத்தில் மஞ்சள், தலையில் நேற்றைய மல்லிப்பூ, கையில் டிபன் பாக்ஸ்; நேரமாகிவிட்டதோ என்று மூச்சு வாங்கியது.

அம்சவேணி மெஷினை நிறுத்தினாள். "சுபிக்கு ஏதாச்சும்...?"

"நல்லாக் கீறா. தூங்கறா. எம்முந்தானியப் புடிச்சிக்கினே தூங்கிட்டா, மெதுவா வெரல எடுத்துவுட்டு வந்தேன்."

"அவரு போவச் சொன்னாரா?"

"அவரா? வேணாம்னுதான் சொன்னாரு. வாசல்ல குறுக்க நின்னாரு, பாவம்."

"அப்ப ஏன்டி வந்தே?" அம்சவேணிக்கு அழுகை முட்டியது, கத்தினாள். "நாந்தான் குந்திக்கினு கீறேனே! நேராத் தெக்கக்கூடக் கத்துக்கினேனே! எவடி உன்ன வரச் சொன்னா?"

மற்றவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கை கூடையிலிருந்து ஒரு கோணல் நாக்கை எடுத்து, அவளைக் கேட்காமலே, தையலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தது. அவள் யோசித்தாள், நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலக்கா" என்றாள். "வண்டி வந்துச்சு. ஏறிட்டேன்."